முந்தி வந்த ஸ்வரம்

பல் டாக்டரிடம் யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. பெரியவளும் பல்லைக் காட்டத்தான் போனாள். இடது பக்கக் கடைவாய்ப் பல் ஒன்று மூன்று நாளாக அவளை உண்டு இல்லை என்று பண்ணிக்கொண்டிருந்தது. உப்புத் தண்ணீர் கொப்புளித்தாள், கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தாள், ஒரு கட்டத்தில் பல்லிடமே கெஞ்சிப் பார்த்தாள். "எழுபத்தி நாலு வயசுல பல்லு வலிக்குதுன்னா, பல்லு இருக்குன்னு அர்த்தம். சந்தோஷமாப் போய்க் காட்டிட்டு வா" என்று தங்கை பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைத்தாள்.

அந்த வீட்டில் இருப்பது அக்கா தங்கை இரண்டு பேர் மட்டும். பெரியவள் கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். சின்னவள் வெளியூரில் குடும்பம் நடத்தி, பிள்ளைகளை ஆளாக்கி, கணவரும் போன பிறகு இரண்டு வருடமாக அக்காவோடு வந்து இருக்கிறாள். ஒருத்தி வாயைத் திறக்க மாட்டாள், இன்னொருத்தி மூட மாட்டாள். அதனால் வீட்டில் பேச்சு சரியான அளவில் இருந்தது.

டாக்டரின் இடம் மருந்துக் கடைக்கு மேல் மாடியில். இருபத்திரண்டு படிகள். பெரியவள் எண்ணிக்கொண்டேதான் ஏறினாள். படி, ஜன்னல் கம்பி, எதிரே வருகிற பஸ்ஸில் இருக்கிற தலைகள் என்று எதைப் பார்த்தாலும் எண்ணுகிற புத்தி அவளுக்கு. தொழில் கொடுத்த புத்தி அது. இளவயதில் பன்னிரண்டு வருடம் ஒரு இசைத்தட்டுக் கம்பெனியின் வாத்தியக் குழுவில், இரண்டாம் வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவள். இரண்டாம் வரிசைக்காரர்களுக்கு வாசிக்கிற நேரம் குறைவு, வில்லை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுகிற நேரம்தான் அதிகம். நாலு எண்ணிக்கை சேர்ந்தால் ஒரு பார். எட்டு பார் சும்மா இரு, பிறகு இரண்டு பார் வாசி, மறுபடி பதினாறு பார் சும்மா இரு என்று தாளில் எழுதியிருக்கும். சும்மா இருப்பதைப் போலக் கஷ்டமான வேலை வேறு இல்லை என்று அவள் சத்தியம் பண்ணுவாள்.

காத்திருக்கும் கூடத்தில் நாலு நாற்காலி, மேலெல்லாம் கீறிப்போன ஒரு சின்ன மேஜை, ஜன்னலில் இளநீல நிறத்தில் மெல்லிய திரை. மத்தியான வெயில் திரைக்குள் புகுந்து தரையில் தளும்பிக்கொண்டிருந்தது. மூலையில் தாழ்ந்த அலமாரியின் மேல் ஒரு ரெக்கார்டு பிளேயர். அதிலிருந்து கசிந்துகொண்டிருந்த இசை காதில் விழுந்ததும், உட்காரப் போன பெரியவள் பாதியில் நின்றாள். என்ன பாட்டு என்று தெரியவில்லை. என்ன ரகம் என்று தெரிந்துவிட்டது.

அறுபதுகளில் அப்படி ஒரு காலம் இருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்த பாட்டை எடுத்து, மீனில் முள் எடுப்பதைப் போல அதிலிருந்து வார்த்தைகளை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, இருபது வயலினும் ஒரு புல்லாங்குழலும் யாழ் மாதிரி ஒரு ஹார்ப்பும் வைத்து மெத்தென்று வாசித்துத் தட்டில் பதிந்து விற்பார்கள். உறையில் ஒரு கடற்கரை இருக்கும், இல்லையென்றால் எங்கேயோ பார்த்துக்கொண்டு ஒரு பெண் இருப்பாள். சங்கீதம் தெரிந்தவர்கள் முகம் சுளித்தார்கள். லிஃப்டில் போடுகிற பாட்டு என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், அவர்களும் லிஃப்டில் ஏறித்தானே மேலே போனார்கள். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டுத் துணி மடித்தவளுக்கும், வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தவனுக்கும் அந்த இசைதான் ஆறுதல். என்னைக் கவனி என்று அது யாரையும் பிடித்து இழுத்ததில்லை. நீ பாட்டுக்கு உன் வேலையைப் பார், நான் இங்கே ஓரமாக இருக்கிறேன் என்று சொல்கிற இசை. அதை வாசிக்கிறவர்களும் அப்படித்தான் இருக்க வேண்டும். அதில் யாரும் தனியாகத் தெரியக் கூடாது. இருபது பேரும் சேர்ந்து, பெரிய மிருதுவான ஒரே ஆள் மூச்சு விடுவதாகக் கேட்க வேண்டும். தனியாகத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

பெரியவள் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பல்வலி எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது.

டாக்டர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும். கை சில்லென்று இருந்தது, பேச்சு சுடச்சுட வந்தது.

"பாட்டு பிடிச்சிருக்காம்மா? எங்கயோ ஒரு வீடு காலி பண்றாங்கன்னு நூறு தட்டு வாங்கிட்டு வந்தேன். முன்னாடி வார்த்தை இருக்கற பாட்டுதான் போடுவேன். வர்றவங்க கூடவே பாட ஆரம்பிச்சிடறாங்க. நான் வாயில மெஷின விட்டிருக்கேன், அவங்க சரணத்துல இருக்காங்க. இதுதான் எனக்குச் சரிப்பட்டு வருது."

ஊசி போட்டார்கள். முதலில் உதடு காணாமல் போனது, பிறகு கன்னம், பிறகு நாக்கில் பாதி. விளக்கின் வெளிச்சம் பால் மாதிரி முகத்தில் வழிந்தது. வாயில் பஞ்சு, எச்சிலை உறிஞ்சுகிற குழாய், டாக்டரின் இரண்டு விரல். கூடத்தில் தட்டு முடிந்து பிளேயரின் முள் கரகரத்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய், வேறொரு தட்டை வைத்துவிட்டு, புதுக் கையுறையோடு திரும்பி வந்தாள்.

ஹார்ப் நாலு பார் வந்தது. பிறகு புல்லாங்குழல். பெரியவளின் ஆள்காட்டி விரல் நாற்காலியின் கையில் தானாகத் தட்ட ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்தப் புல்லாங்குழல் பன்னிரண்டு பார் தனியாகப் போக வேண்டும், அதுவரைக்கும் வயலின்கள் மூச்சுக் காட்டக் கூடாது. இது தனக்கு எப்படித் தெரியும் என்று அவள் யோசிப்பதற்குள் விரல் ஒன்பதுக்கு வந்துவிட்டது. பத்து. பதினொன்று.

பன்னிரண்டாவது பாரில், புல்லாங்குழலுக்கு அடியில், ஒரு வயலின் வந்தது. ஒரே ஒரு ஸ்வரம். தணிந்து, நீளமாக, பயமே இல்லாமல் வந்தது. வந்துவிட்டோம் என்று தெரிந்துகொண்டு, ஓடாமல் அங்கேயே நின்று, இழை இழையாக மெலிந்தது. அடுத்த பாரில் மற்ற பத்தொன்பது வயலின்களும் வந்து அதன் மேல் போர்வையைப் போர்த்தின.

"இந்த இடம்! கேட்டீங்களா?" டாக்டரின் கை வாய்க்குள்ளேயே நின்றது. "யாரோ ஒருத்தர் முந்திக்கிட்டாங்க. நூறு தட்டுல எனக்கு இந்த ஒரு இடம்தான் உசிரு. மத்ததெல்லாம் மெத்தை மாதிரி. இங்க மட்டும்தான் ஒரு ஆள் இருக்காங்க. யாரா இருக்கும்னு அடிக்கடி நெனச்சுப்பேன்."

அது யார் என்று பெரியவளுக்குத் தெரியும். ஆனால் வாயில் பஞ்சு இருந்தது. கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"வலிக்குதா? இன்னொரு ஊசி போடவா?" என்று டாக்டர் பதறினாள். பெரியவள் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

நாற்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது சின்னவளும் அதே குழுவில்தான் இருந்தாள். தாள் வைக்க ஒரே ஸ்டாண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் ஒரே தாள். பக்கம் புரட்டுவது தங்கை, எண்ணுவது அக்கா என்று வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் ஒரு பார்கூட எண்ண மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அக்கா மூச்சை இழுப்பதைக் கேட்பாள், அதே நொடியில் வில்லை வைப்பாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அது பிசகியதில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தப்பாக வாசித்துவிட்டால், தப்புச் செய்தவரே வில்லின் நுனியை உயர்த்திக் காட்ட வேண்டும். காட்டிவிட்டால் திட்டு கிடையாது, முறைப்பு கிடையாது, எல்லோரும் மறுபடி முதலிலிருந்து வாசிப்பார்கள். முன்னால் நின்று குச்சியை அசைத்து வாசிப்பை நடத்துகிறவருக்குக் கோல்காரர் என்று குழுவில் பெயர், அவர் கொண்டுவந்த ஏற்பாடு இது. மனிதர் தப்பை மன்னிப்பார். ஆனால் ஒரே ஆள் ஒரே நாளில் மூன்றாவது தடவை வில்லை உயர்த்தினால், அதற்குப் பிறகு அந்த ஆளைக் கூப்பிட மாட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் பெரியவள் இரண்டு தடவை வில்லை உயர்த்தியிருந்தாள்.

கடைசிப் பாட்டு. புல்லாங்குழல்காரருக்கு அன்று சாயங்காலம் கப்பல், வேறு தேசத்துக்குப் போய்விடப் போகிறார். அவர் உயிரைக் கொடுத்து ஊதினார். அப்படி ஒரு வாசிப்பு அந்தக் கூடத்தில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. அந்த மயக்கத்தில்தான் பெரியவளுக்கு எண்ணிக்கை ஒன்று நழுவியது. மூச்சை இழுத்தாள், வில்லை இழுத்தாள், தந்தி அதிர்ந்தது. வேறு யாரும் வரவில்லை என்று உடனே தெரிந்துவிட்டது. பாதியில் வெட்டினால் இன்னும் அசிங்கமாக இருக்கும் என்று, வில்லை எடுக்காமல் மெல்ல மெல்ல இழைத்தாள். பக்கத்தில் கண்ணை மூடியிருந்த சின்னவளின் வில்லும் அவள் மூச்சைக் கேட்டுத் தந்தி மேல் வந்து உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்ததே தவிர இழுக்கவில்லை. அவள் கைக்கு ஏதோ தோன்றி, தொட்ட இடத்திலேயே நின்றுவிட்டது.

முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதிவைத் திரும்ப ஓட்டிக் காட்டினார்கள். அந்த இடம் வந்தது. அக்கா தங்கை இருந்த நாலாவது ஸ்டாண்டுப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது, யார் என்பதுதான் தெரியவில்லை. கோல்காரர் நிமிர்ந்து பார்த்தார். பெரியவளின் கை எழவில்லை. எழுப்பத்தான் நினைத்தாள், கை மரத்துப்போன மாதிரி கிடந்தது. அதற்குள் பக்கத்தில் ஒரு வில் உயர்ந்தது. சின்னவள் முகம் வெளுத்துப்போய், வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சரி, மறுபடி வாசிப்போம், அவ்வளவுதானே என்று பெரியவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி வாசிக்கவில்லை. புல்லாங்குழல் இனி இப்படி வராது, இதுவே இருக்கட்டும் என்றார் கோல்காரர். பிறகு சின்னவளைப் பார்த்து, குரலைக்கூட உயர்த்தாமல், "நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்மா" என்றார். தன் பெயரில் வெளிவரப் போகிற தட்டில் அழிக்க முடியாத தப்பு ஒன்று நிற்கப் போகிறதே என்ற ஆத்திரம் அவருக்கு.

மறுநாள் பெரியவள் அவர் அறை வாசல் வரை போனாள். கதவைத் தட்டக் கையை எடுத்தாள், திரும்பி வந்துவிட்டாள். அதற்கு மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த வாரத்திலேயே சின்னவளுக்கு வெளியூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது, போனாள், அங்கேயே கல்யாணம், அங்கேயே குடித்தனம். வயலினை அவள் மறுபடி எடுக்கவில்லை. பெரியவள் இன்னும் ஒன்பது வருடம் வாசித்தாள், முந்நூறு தட்டுக்கு மேல். லீவுக்குத் தங்கை வரும்போதெல்லாம் அக்கா வயலினை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். இரண்டு பேரும் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை. நாற்பத்தெட்டு வருடம் எடுக்கவில்லை என்றால் அது சாதாரணச் சாமர்த்தியம் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று பெரியவள் முடிவு பண்ணினாள். கதவைத் திறந்த தங்கையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள். பாதி நாக்கு இன்னும் மரத்துத்தான் இருந்தது, வார்த்தை எல்லாம் கொழகொழவென்று வந்து உதட்டோரம் வழிந்தது.

"ஐயோ அக்கா, பேசாத, பேசாத," சின்னவள் சிரித்துச் சிரித்து முந்தானையால் அவள் வாயைத் துடைத்துவிட்டாள். "எழுபது வருஷமா பேசாதவ, இன்னிக்குத்தான் பேசணுமா உனக்கு? போய்ப் படு."

படுத்தாள். மரப்பு விட்டது, அதோடு தைரியமும் விட்டது. ஒரு வாரம் அப்படியே போனது. காலையில் துணி காயப்போடும்போது சொல்லலாம் என்று நினைப்பாள், தங்கை அப்போதுதான் பக்கத்து வீட்டுக் கதை எதையாவது ஆரம்பிப்பாள். சாப்பிட்டு முடித்து இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்காரும்போது சொல்லலாம் என்று நினைப்பாள், தங்கை அப்படியே கண்ணசந்துவிடுவாள். தூங்குகிற அந்த முகத்தையே பெரியவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது நான், இவளுக்குத் தெரியாமல் இவள் சாப்பாட்டை நான் ஒன்பது வருடம் சாப்பிட்டேன் என்று இருக்கும். உதைக்கட்டும், பேசாமல் இருக்கட்டும், பெட்டியைக் கட்டிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போகட்டும், ஆனாலும் சொல்லாமல் சாகக் கூடாது. அந்த ஸ்வரத்தைக் கேட்க வைத்து, அந்த இடத்திலேயே சொல்லிவிடுவது என்று கடைசியில் தீர்மானித்தாள்.

அடுத்த வாரம் பல்லுக்கு மூடி போட வரச் சொல்லியிருந்தார்கள். "நீயும் வாயேன்" என்றாள் தங்கையிடம். அக்கா வாயைத் திறந்து கூப்பிட்டதே அதிசயம் என்று சின்னவள் புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

கூடத்தில் கன்னம் வீங்கின ஒரு ஆள் மட்டும் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தரையில் அதே வெயில். டாக்டர் வெளியே வந்ததும் பெரியவள் எழுந்து போய், "போன வாரம் போட்டீங்களே, புல்லாங்குழல் வர்ற தட்டு. அதப் போடறீங்களா?" என்றாள்.

"எம் மாதிரி இன்னொரு பைத்தியமா!" டாக்டருக்கு ஒரே சந்தோஷம். கையுறையைக் கழற்றிவிட்டுத் தட்டைத் தேடி எடுத்தாள்.

ஹார்ப் வந்தது. பெரியவள் தங்கையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள், எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று கடைசித் தடவையாக மனதுக்குள் ஒழுங்கு பண்ணிக்கொண்டாள். புல்லாங்குழல் வந்தது. சின்னவள் பேச்சை நிறுத்தினாள். அவள் பேச்சை நிறுத்துவது எப்போதாவது நடக்கிற காரியம். கண்ணை மூடிக்கொண்டாள், முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி அதற்குள் வந்து உட்கார்ந்தாள். கன்னம் வீங்கின ஆள்கூடச் சுவரில் தலையைச் சாய்த்துவிட்டார். திரை ஒரு தடவை மூச்சு வாங்கி உள்ளே வந்தது.

பதினொன்றாவது பார் முடிகிற நேரம். சின்னவளின் ஆள்காட்டி விரல் மேலே எழுந்தது. அதற்குப் பிறகுதான் அந்த ஸ்வரம் வந்தது.

வரப் போவது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. பெரியவள் ஒழுங்கு பண்ணி வைத்திருந்த வாக்கியம் கலைந்து போனது.

"கேட்டீங்களா?" என்றாள் டாக்டர், தங்கையைப் பார்த்து. "யாரோ ஒரு மகராசி முந்திக்கிட்டா. இல்ல மகராசனோ, யார் கண்டா?"

"மகராசிதான்," என்றாள் சின்னவள். கண்ணைத் திறந்து, கூச்சமும் பெருமையுமாகச் சிரித்தாள். "அது நாந்தான் டாக்டர்."

டாக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கன்னம் வீங்கின ஆள் கைக்குட்டையை அவிழ்த்தார்.

அதற்கப்புறம் சின்னவளை யார் நிறுத்துவது? அணை உடைந்த மாதிரி வந்தது. அக்காவும் தானும் ஒரே ஸ்டாண்டில் உட்கார்ந்து வாசித்ததைச் சொன்னாள். டெலிபோன் ஆபீஸில் முதல் மாசச் சம்பளத்தில் அவள் வாங்கியதே இந்தத் தட்டுதானாம். கல்யாணமான புதிதில் கணவருக்குப் போட்டுக் காட்டி, இது நான் என்று சொன்னாளாம். அன்றிலிருந்து அந்த இடம் வரும்போதெல்லாம் அவர் விரலைத் தூக்குவார். பிள்ளைகளும் தூக்குவார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் காபிக்கு முன்னால் இந்தத் தட்டுதான்.

"இருபது பேர் கூட்டத்துல உன்ன ஒருத்திய மட்டும் எனக்குத் தனியாத் தெரியுதுடின்னு சொல்லுவாரு," என்றாள். "நான் கோவமா இருந்தா, எதுவும் பேச மாட்டாரு, போய் இதப் போட்டுட்டு விரலத் தூக்கிட்டு நிப்பாரு. எங்கேர்ந்து கோவப்படறது? ஆஸ்பத்திரில கடைசி நாளு, பேச்சு நின்னு போச்சு. நான் காதுகிட்ட இந்தப் பாட்ட முனகினேன். அந்த எடம் வந்தப்ப விரல் லேசா அசைஞ்சுது. அவ்வளவுதான் டாக்டர், எனக்கு அது போதும்."

அந்தத் தட்டு இரண்டு வருடத்துக்கு முன் வீடு மாற்றும்போது உடைந்துபோனதாம். வேறு தேடலாம் என்றால், அக்காவுக்குச் சங்கடமாக இருக்கும் என்று தேடவில்லையாம். "தங்கச்சி பேரக் கெடுத்துட்டாளேன்னு அக்காவுக்கு அன்னிக்கு அவ்வளவு வருத்தம். அப்புறம் அந்தப் பேச்சையே எடுத்ததில்ல, பாவம்" என்று அக்காவின் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

பெரியவள் தரையில் இருந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சுட்டது. இவள் நாற்பத்தெட்டு வருடம் அழுதிருப்பாள் என்று நினைத்தேனே, இவள் அந்த ஒரு பாருக்குள் ஒரு குடித்தனமே நடத்தியிருக்கிறாளே என்று நினைத்தாள். எனக்கு அவமானமாக இருந்தது இவளுக்கு ஆஸ்தியாக இருந்திருக்கிறது.

"அக்கா," என்றாள் சின்னவள். குரல் தணிந்துவிட்டது, டாக்டருக்கும் கேட்காத அளவுக்கு. "ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அவர் போனதுலேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம். கண்ண மூடி மூடி நெனச்சுப் பாக்கறேன், தந்தி அதிர்ந்தது எனக்கு ஞாபகத்துக்கு வரல. வில்லு தொட்டது ஞாபகம் இருக்கு, அதிர்ந்தது ஞாபகம் இல்ல. பின்னாடி ஸ்டாண்டுக்காரங்களோ என்னமோ. அப்படின்னா நான் அவர ஏமாத்தினேன்னு ஆயிடும். நீ பக்கத்துலயே இருந்த. உனக்குத் தெரியாம இருக்காது. அது நாந்தான?"

கேட்டுவிட்டு அக்காவின் முகத்தையே பார்த்தாள். மூச்சு விடவில்லை.

முந்நூறு தட்டுகளில் பெரியவள் வாசித்திருக்கிறாள். ஒன்றில்கூட, இதுதான் நான் என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியாது. இருபதில் ஒருத்தியாகக் கரைந்து போவதுதான் வேலை, அதை அவள் திறமையாகச் செய்தாள். அவள் இந்த உலகத்தில் இருந்தாள் என்பதற்கு இந்த ஒரு பார்தான் சாட்சி. போன வாரம் பஞ்சு அடைத்த வாயோடு அதைக் கேட்டபோது கண்ணில் வந்த தண்ணீரில் குற்ற உணர்ச்சி மட்டும் இல்லை, எவ்வளவு அழகாக இழைத்திருக்கிறேன் என்ற கர்வமும் இருந்தது. அதை இப்போதுதான் அவள் தனக்கே ஒத்துக்கொண்டாள். அன்றைக்கு இவளிடமிருந்து வேலையை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு உண்மையைச் சொன்னால் இவள் புருஷனையும் எடுத்துக்கொள்வேன்.

"நீதான்டி," என்றாள் பெரியவள். "வேற யாரு? பக்கத்துல இருந்த எனக்குத் தெரியாதா?"

"சத்தியமா?"

"சத்தியமா."

சின்னவள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். கண் நிறைந்து வழிந்தது, துடைக்க முந்தானையை எடுத்தபோது சிரிப்பும் வந்தது. "ரொம்ப முந்திட்டேனாக்கா?"

"ஒரு பார்தான். ஆனா ஓடாம நின்ன பாரு, அதுதான் பெருசு."

டாக்டர் இதற்குள் தட்டின் உறையையும் ஒரு பேனாவையும் கொண்டுவந்துவிட்டாள். "இதுல கம்பெனி பேரு இருக்கு, நடத்துனவர் பேரு இருக்கு, வாசிச்சவங்க பேரு ஒண்ணுகூட இல்ல. நீங்க போட்டே ஆகணும்" என்று நீட்டினாள். சின்னவள் உறையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். கன்னம் வீங்கின ஆள் வலியை மறந்து கை தட்டினார்.

"அம்மா, நீங்களும் பக்கத்துல வாசிச்சீங்கன்னு சொன்னாங்களே," டாக்டர் உறையைப் பெரியவள் பக்கம் திருப்பினாள். "நீங்களும் கீழ ஒண்ணு போட்டுடுங்க."

"எனக்கு எதுக்கும்மா?" என்றாள் பெரியவள். "அதுல நான் எங்கயும் தனியாக் கேக்க மாட்டேன்."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டாள்.